முன்கூட்டியே சொன்ன நன்றி

அது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணிப் பூசை. எங்கள் ஊர் அந்தோனியார் கோயில் கோபுரத்தில் நான்கு ஒலிபெருக்கிகள். அதில் ஒன்று கடலைப் பார்த்திருக்கும். தொழிலுக்குப் போனவனுக்கும் ஊர்ச் செய்தி தெரியட்டும் என்று வைத்தது.

உபதேசியார் நோட்டை விரித்துத் தொண்டையைச் செருமினார்.

"இன்றைய திருப்பலி, மீன் வியாபாரி மிக்கேல் அவர்களின் மகன் வியானி, இராணுவத்தில் அதிகாரியாகத் தேர்வு பெற்றதற்கு நன்றியாக, அவர் குடும்பத்தாரால் ஒப்புக்கொடுக்கப்படுகிறது."

மீன் வியாபாரி மிக்கேல் நான்தான். முன் வரிசையில் வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஊரே என்னைப் பார்ப்பது தெரிந்தது. முதுகால் அதைப் பார்க்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன்.

பூசை முடிந்து வாசலில் லட்டு கொடுத்தேன். என் மனைவி செசிலியின் அண்ணன் சூசை மச்சான் ஒரு பொன்னாடையோடு வந்து எல்லாரும் பார்க்க என் தோளில் போர்த்தினார். "எங்க மருமவன் ஆபிசர்வே! சும்மாவா?" என்றார். அதே வாயால் அந்த மருமகனைப் பற்றி முந்தின மாதம் அவர் சொன்னதைப் பின்னால் சொல்கிறேன்.

எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான் குறை. என் மகன் அப்போது தேர்வு பெற்றிருக்கவில்லை. பெங்களூரில் அவனுக்கு முடிவு சொல்லவேண்டிய நாள் அதுதான். சொல்லவேண்டிய நேரம் மத்தியானத்துக்கு மேல்.

ஜன்னல் இல்லாத கடல்

எங்கள் ஊர் உவரிக்குச் சற்று வடக்கே, கடலோரம். கரையில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் பெட்டியில் அடுக்கி, லோடு ஆட்டோவில் திசையன்விளைக்கும் ஏரலுக்கும் கொண்டுபோய் விற்பவன் நான். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னை வேண்டவில்லை, நானும் அதை வற்புறுத்தவில்லை.

வியானி பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கடற்படையில் சேர்ந்தான். அதிகாரியாக அல்ல, மாலுமியாக. ஊருக்கு அதில் ஒரு பெருமை. கடல்காரன் மகன் கடலுக்கே போகிறான், கொஞ்சம் பெரிய படகில் போகிறான், அவ்வளவுதானே என்று.

அவனுக்குக் கொடுத்தது எஞ்சின் அறை வேலை. முதல் விடுமுறையில் வந்தவனைச் சூசை மச்சான் கேட்டார்: "கப்பல்ல இருந்து பாத்தா கடல் எப்படில இருக்கு?"

"தெரியாது மாமா."

"என்னலே தெரியாது?"

"நான் தண்ணிக்குக் கீழ உள்ள தளத்துல நிக்கேன். அங்கன ஜன்னல் கிடையாது. மூணு மாசம் கடல்லதான் இருந்தேன். கடலப் பாக்கல."

கடல்காரன் மகனுக்கு இந்த நாடு கொடுத்த கடல் அது. சூடு, எண்ணெய், சத்தம். மேல்தளத்தில் தொலைநோக்கியோடு நின்ற அதிகாரி இவனைவிட மூன்றே வயது மூத்தவராம். அவர் ஊரில் கடல் இல்லையாம். நீந்தக்கூட வேலைக்கு வந்தபின்தான் கற்றாராம்.

அப்போதுதான் அவனுக்கு அதிகாரி ஆகவேண்டும் என்ற எண்ணம் வந்திருக்க வேண்டும். மாலுமியாக இருந்தபடியே கடற்படையில் மேலே ஏறவும் வழி உண்டாம், ஆனால் அந்த வரிசை நீளம். தரைப்படையில் ஒரு கதவு இருக்கிறது. கடல், வானம், தரை என மூன்று படைகளிலும் கீழே நிற்பவர்கள் அதில் தட்டலாம். எழுத்துத் தேர்வு எழுதி, ஐந்து நாள் நேர்முகத்தில் தேறினால், நான்கு வருடம் டேராடூனில் பயிற்சி. அப்புறம் அதிகாரி. ஆனால் தரைப்படை அதிகாரி.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட கப்பல் அதிகாரி கேட்டாராம், "ஏன், கடல் பிடிக்கவில்லையா?" என்று.

இவன் சொன்னானாம்: "பிடிக்கும் சார். பார்க்கத்தான் விடவில்லை."

இந்தச் செய்தி ஊருக்கு வந்தபோதுதான் சூசை மச்சான், முன்பு சொல்கிறேன் என்றேனே, அதைச் சொன்னார். "கப்பல்ல போனவன் இனிமே நடந்து போவப் போறானாக்கும். இதுக்கு ஒரு பரீட்சை வேறயா?"

தியானத்துப் பிரசங்கியார்

இனி என் மடத்தனத்துக்கு வருகிறேன்.

அந்த வருடம் தவக்காலத் தியானத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். நல்ல குரல். "கிடைத்தபின் நன்றி சொல்ல யாராலும் முடியும். கிடைப்பதற்கு முன்பே நன்றி சொல்கிறவன்தான் விசுவாசி" என்றார். பந்தலில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் தூங்கியிருந்தால் இந்த அத்தியாயம் இருந்திருக்காது.

வியானி எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத்துக்குப் பெங்களூர் போகிறேன் என்றான். ஐந்தாம் நாள் என்ன கிழமை என்று விரலை மடக்கினேன். செவ்வாய். அந்தோனியாருக்கு உரிய கிழமை. இதற்குமேல் ஒரு மனிதனுக்கு அடையாளம் வேண்டுமா?

உபதேசியாரிடம் போனேன். அவர் பேனாவைத் திறந்து, "வேண்டுதல் பூசையா, நன்றிப் பூசையா?" என்றார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு எல்லாரும் வேண்டுதல் பூசைதான் வைப்பார்கள்.

"நன்றின்னு எழுதும்" என்றேன்.

"பையன் பாஸாயிட்டானா?"

"எழுதும்வே."

அது விசுவாசம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், முக்கால்வாசி பெருமை. ஒலிபெருக்கியில் என் பெயரும் அதிகாரி என்ற சொல்லும் ஒரே வரியில் வரவேண்டும், கடல்வரை கேட்கவேண்டும். அந்தோனியாரை அதற்கு மைக் பிடிக்க வைத்தேன்.

மூன்றரை மணி

வீடு நிறைய ஆட்கள். செசிலி நாலாவது முறையாகக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"அப்பா, இல்லப்பா."

"என்ன மக்கா இல்ல?"

"என் நம்பரக் கூப்பிடல."

நெஞ்சில் ஒரு எண்ணைக் கட்டிவிட்டு, ஐந்து நாளும் அந்த எண்ணால்தான் அழைப்பார்களாம். கடைசியில் எல்லாரையும் நிற்க வைத்துத் தேறிய எண்களை வாசிப்பார்களாம். மற்றவர்களுக்கு ரயிலுக்கு வழி.

"இன்னொரு தடவ கேட்டுப் பாரு மக்கா. விட்டுப் போயிருக்கும்."

"ரேஷன் கடையாப்பா இது?" என்றான். பிறகு, "அங்கன என்ன சத்தம்?"

"ஆளு வந்திருக்காவ."

"எதுக்கு?"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் நின்ற சூசை மச்சான் போனுக்குள் எட்டிக் கத்தினார்: "ஆபிசர் மருமவனே, வாழ்த்துக்கள்!"

அவன் போனை வைத்துவிட்டான்.

பொன்னாடை திரும்பிய கதை

மறுநாள் ஏலக்கரையில் நான் போய் நின்றதும் ஒருவன் இன்னொருவனிடம் சொன்னான்: "ஆபிசரு அப்பாவுக்கு முன்னால நிக்காதலே, சுட்டுருவாவ." வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். லட்டு தின்ற வாய்கள் எல்லாம்.

மூன்றாம் நாள் சூசை மச்சான் வீட்டுக்கு வந்தார். ஆறுதல் சொல்ல என்று நினைத்து நாற்காலி எடுத்துப் போட்டேன்.

"மச்சான், அந்தப் பொன்னாடைய ஒருநாளைக்குத் தாரும். திசையன்விளையில ஒரு கட்சிக்காரருக்குப் போடணும். புதுசு வாங்க நேரமில்ல."

மடித்துக் கொடுத்தேன். அந்த வாரம் ஊர் வாட்சப் குழுவில் ஒரு படம் வந்தது. யாரோ ஒரு பெரிய மனிதர், யாரோ ஒரு மேடை. தோளில் என் பொன்னாடை.

அதைவிடப் பெரிய வேலை ஒன்று எனக்கு இருந்தது. பங்குச்சாமியை, எங்கள் கோயில் பாதிரியாரை, போய்ப் பார்த்தேன்.

"சாமி, அந்த நன்றிய வாபஸ் வாங்க முடியுமா?"

அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. "மிக்கேலு, ஆண்டவர்ட்ட சொன்ன நன்றிய வாபஸ் வாங்குத வழக்கம் நம்ம பங்குல இல்ல. அது பாட்டுக்கு அங்கன கிடக்கட்டும்."

"எத்தன நாளைக்குச் சாமி?"

"கிடந்தா கெட்டா போயிரும்? மீனா அது?"

பன்னிரண்டு படங்கள்

ஒரு மாதம் கழித்து வியானி விடுமுறையில் வந்தான். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வருவதற்குள் மூன்று பேர் அவனுக்கு சல்யூட் அடித்தார்களாம். வந்து பையை வைத்துவிட்டுச் சாப்பிட்டான். சாளைக் குழம்பு. இரண்டாவது முறை சோறு கேட்கவில்லை. அதிலேயே செசிலிக்குத் தெரிந்துவிட்டது.

கை கழுவியபின் என் முன்னால் உட்கார்ந்தான்.

"அப்பா, அங்கன பன்னெண்டு படம் காட்டுவாவ. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கத எழுதணும். நாலு நிமிசம். நான் என்ன எழுதுனேன்னு தெரியுமா?"

"என்ன எழுதுன?"

"மொதப் படத்துல ஒரு ஆளு ஆத்தங்கரையில நிக்கான். நான் எழுதுனேன், வெள்ளம் வந்திச்சு, அவன் முழங்கால் போட்டுச் செபிச்சான், வெள்ளம் வடிஞ்சிச்சு, கோயிலுக்குப் போயி நன்றி சொன்னான்."

"நல்ல கததான மக்கா?"

"ரெண்டாவது படத்துல ஒரு ஆசுபத்திரி. அங்கயும் செபிச்சான், கோயிலுக்குப் போனான். மூணாவது படத்துல என்ன இருக்குன்னே தெரியல, ஒரே மங்கல். அதுலயும் கோயில். பன்னெண்டும் கோயில்ப்பா."

செசிலி அடுப்படியில் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். பிறகு அவன் முகம் மாறியது.

"ஏன் என்ன எடுக்கலன்னு அவங்க காரணம் சொல்ல மாட்டாவ. ஆனா எனக்குத் தெரியும். என் கதைல ஒருத்தனும் ஒரு கயித்தத் தூக்கல. ஒருத்தனும் இன்னொருத்தன 'இங்கன வாலே'ன்னு கூப்பிடல. ஆபிசராக்கி முப்பது பேர ஒருத்தன்ட்ட குடுக்கப் போறாவ. அவன் முழங்கால் போட்டுட்டு இருந்தா அந்த முப்பது பேரு என்னப்பா செய்வாவ?"

நான் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"நீங்க வளத்த மாதிரியே எழுதிட்டு வந்துட்டேன்" என்றான்.

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அவன் சொன்னதில் பொய் இல்லை. படகு கவிழ்ந்தாலும், காய்ச்சல் வந்தாலும், கரண்டு போனாலும் நான் முதலில் முழங்காலில்தான் நிற்பேன். பியூசைப் போடுவது செசிலி.

"அடுத்த வருசத்தோட எனக்கு வயசு முடியுது. இருபத்தேழுக்கு மேல எடுக்க மாட்டாவ. இன்னும் ஒரு தடவதான். அது வரைக்கும் எனக்காக நீங்க சாமிகிட்ட ஒண்ணும் பேசப்படாது. வேண்டுதலும் வேண்டாம், நன்றியும் வேண்டாம்."

"எது வரைக்கும் மக்கா?"

"தோள்ல நட்சத்திரம் ஏறுத வரைக்கும்."

வாய் கட்டிய பக்தன்

கோயிலுக்குப் போகக் கூடாது என்று அவன் சொல்லவில்லை. ஆகவே போனேன். ஆனால் பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சாமி முன்னால் நிற்பது எப்படி இருக்கும் தெரியுமா? வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு விழுங்காமல் நிற்பது போல.

மற்றவர்களுக்காக வேண்டினேன். பக்கத்து வீட்டுக்காரியின் முழங்காலுக்காக வேண்டினேன். ஐஸ் கம்பெனி மோட்டாருக்காக வேண்டினேன். சூசை மச்சானின் சர்க்கரை குறைய வேண்டினேன். எவ்வளவு வறட்சியில் இருந்தேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மன்றாட்டு "எங்கள் பிள்ளைகளுக்காக" என்ற இடத்துக்கு வரும்போது நாக்கைக் கடித்துக்கொள்வேன். எங்கள் என்பதில் என் பிள்ளையும் சேர்த்தியா என்று உபதேசியாரைக் கேட்டேன். அவர் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

செசிலி மட்டும் ஜெபமாலையோடு வழக்கம்போல இருந்தாள்.

"உனக்குத் தடை இல்லையா?" என்றேன்.

"அவன் உங்களத்தான் சொன்னான். நான் என்ன மைக்லயா கேக்கேன்?"

கட்டின பெண்டாட்டி, சும்மா சொல்லக்கூடாது, குறி பார்த்துத்தான் எறிவாள்.

ஏரல் பாலம்

மறுவருடம் அவன் போன தேதியைக்கூட என்னிடம் சொல்லவில்லை. ஏரலில் சரக்கை இறக்கிவிட்டு, தாமிரபரணிப் பாலத்தடியில் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆற்றில் முழங்கால் தண்ணீர். போன் சட்டைப்பையில் அடித்தது. கை முழுக்கச் செதில்.

"அப்பா, கூப்பிட்டாவ."

"எத?"

"என் நம்பர."

"நல்லாக் கேட்டியா? உன் நம்பர்தானா? பக்கத்துல நிக்கவன் நம்பரா இருக்கப் போவுது."

"என் நம்பர்தாம்ப்பா. கிடைச்சிட்டு." பிறகு அவசரமாக, "பக்கத்துல யாரும் நிக்காவளா? ஆள் கூட்டி வச்சிருக்கீங்களா?"

"பெட்டிதான் நிக்கி மக்கா" என்றேன்.

பிறகு, "கதையில என்ன எழுதுன?" என்று கேட்டேன்.

"கயித்தத் தூக்கினான்ப்பா" என்றான்.

நானாக யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் அவன் கூட்டாளிகள் மூலம் ஊருக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன? "அதான் போன வருசமே ஆயாச்சுல்லா வே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இப்போதுதான் ஆனான் என்று நான் சொன்னால், "திரும்பவுமா?" என்றார்கள். ஒரு மனிதனை ஒருமுறைதான் எங்கள் ஊருக்கு அதிகாரி ஆக்கத் தெரியும். பொய்யாக ஆனபோது லட்டு தின்று தீர்த்துவிட்டதால், மெய்யாக ஆனபோது வாழ்த்துக்கு இடமில்லாமல் போயிற்று.

குளிர் ஊரில் ஒரு நட்சத்திரம்

நான்கு வருடம் கழித்து டேராடூனுக்கு அழைப்பு வந்தது. எனக்குப் புதுச் செருப்பு, செசிலிக்குக் கடன் வாங்கிய ஸ்வெட்டர். மைதானத்தில் பிள்ளைகள் ஒரே காலாக நடந்தார்கள். எல்லாரும் ஒரே உயரம், ஒரே தொப்பி. எது நம்முடையது என்று கடைசிவரை தெரியவில்லை. செசிலி மட்டும் அதோ அதோ என்று நான்கு பேரைக் காட்டினாள்.

தேநீரின்போது வெள்ளை மீசைக்காரர் ஒருவர் வந்து கை கொடுத்தார். அவருடைய அப்பா இராணுவம், அவர் இராணுவம், இப்போது மகன். "உங்கள் குடும்பத்தில் எத்தனையாவது தலைமுறை?" என்று கேட்டதாக வியானி சொன்னான்.

"நாங்க தலமுறையா மீன் விக்கோம்னு சொல்லு" என்றேன்.

அவன் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னான். அவர் "ஓ, அருமை" என்றார். கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தார். பிறகு தேடிக்கொண்டிருந்த யாரோ ஒருவர் அவருக்குத் தூரத்தில் கிடைத்துவிட்டார்.

தோளில் நட்சத்திரம் வைப்பது பெற்றோர் வேலை. ஒரு நிமிடத்தில் நெய்மீனைத் துண்டு போடும் என் விரல்களுக்கு அந்தச் சின்ன நட்சத்திரம் பிடிபடவில்லை. "தள்ளுங்க" என்று செசிலி ஒரே அழுத்தில் வைத்துவிட்டாள்.

அப்போது நரைத்த சுபேதார் ஒருவர் எதிரே வந்து சல்யூட் அடிக்கப் போனார்; இனி அவர்தான் இவனுக்கு முதலில் அடிக்கவேண்டும். ஆனால் இத்தனை வருடப் பழக்கத்தில் இவன் கை அவருக்கு முன்பே எழுந்துவிட்டது. அந்த மனிதர் சிரிக்கவில்லை. கை இறங்கும்வரை நிமிர்ந்து நின்றார். அவரும் கீழிருந்து வந்தவர்தானே.

வியானி என் பக்கம் குனிந்தான். "அப்பா, தடை முடிஞ்சிட்டு. இனிமே பேசலாம்."

ஐந்து வருடமாக அடக்கி வைத்தது. வாயைத் திறந்தேன். "சாப்பிட்டியா மக்கா?" என்றேன்.

மறுபடி ஒரு செவ்வாய்

முதல் பணியிடத்துக்குப் போகுமுன் பத்து நாள் ஊரில் இருந்தான். பணியிடம் வடக்கே, பனிமலைப் பக்கம். அங்கே ஜன்னல் வைக்கச் சுவரே கிடையாதாம்.

சூசை மச்சான் புதுப் பொன்னாடையோடு வந்தார். "மருமவனே, தோளக் காட்டும்."

செசிலி கேட்டாள்: "எத்தன நாளைக்கு அண்ணே?"

அவர் அதைச் சட்டென்று மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

திங்கள் சாயங்காலம் நானும் வியானியும் உபதேசியாரிடம் போனோம். அவர் பழைய நோட்டைப் புரட்டி, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, விரலை வைத்துக் காட்டினார். "நன்றிப் பூசைன்னா அது ஏற்கனவே போட்டாச்சு மிக்கேலு. தேதியோட இருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் வியானி சொன்னான்: "வேண்டுதல்னு எழுதுங்க."

"உமக்கா தம்பி?"

"என்கிட்ட முப்பது பேர விடப் போறாவ. எனக்கும் அந்த முப்பது பேருக்கும். எல்லாரும் போன மாதிரியே திரும்பி வீட்டுக்கு வரணும்னு."

உபதேசியார் எழுதினார். நான் கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்தப் படத்தைக் காட்டினாலும் கோயிலில் கொண்டுபோய் முடித்த பையன் இவன். கயிற்றைத் தூக்கக் கற்றுக்கொண்டு, அந்தக் கயிறு எதற்கெல்லாம் எட்டாது என்பதையும் தெரிந்துகொண்டு வந்திருக்கிறான்.

காலை ஆறு மணிக்கு நான்கு ஒலிபெருக்கியிலும் வாசித்தார்கள். "மிக்கேல் அவர்களின் மகன் வியானிக்காகவும், அவர் பொறுப்பில் உள்ளவர்களுக்காகவும் வேண்டுதலாக." முன் வரிசையில் அவனும் நானும் முழங்காலில் இருந்தோம். இந்த முறை என் முதுகு யாரையும் பார்க்கவில்லை.

பின்னாலிருந்து சூசை மச்சான் குனிந்து என் காதருகில் வந்தார்.

"என்னவே மச்சான், நன்றிப் பூச வைப்பீருன்னு பாத்தா வேண்டுதல் வச்சிருக்கீரு? பையன் இன்னும் பாஸாவலயா?"

"இன்னும் இல்ல மச்சான்" என்றேன். "இனிமேத்தான்."